2.5: இலக்கா, தடையா?

குழந்தையின்மை சிகிச்சைக்குப் போகும் பெண்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். லேப் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 2.9 என்றிருக்கும், பக்கத்திலேயே 'இயல்பு அளவு 0.4 – 4.0' என்றும் அச்சாகியிருக்கும். ஆனாலும் டாக்டர் அந்த 2.9-ஐ வட்டமிட்டு, 25 மைக்ரோகிராம் தைராக்சின் எழுதுவார். '2.5-க்குக் கீழே வரட்டும், அப்புறம் ஊசியை ஆரம்பிக்கலாம்' என்பார்.

2011-ல் அமெரிக்கத் தைராய்டு சங்கம், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்கு 2.5-ஐ உச்சவரம்பாக வைத்தது. 2017-ல் அதுவே அதைச் சுமார் 4 வரை தளர்த்தியது; தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் எட்டவேண்டிய இலக்காக மட்டும் 2.5 நின்றது. அந்த இலக்கைத்தான் பல இடங்களில் நுழைவுத் தேர்வாக மாற்றிவிட்டார்கள்.

இந்த எச்சரிக்கையில் நியாயம் இல்லாமலில்லை. டி.எஸ்.எச். ஏறுவது தைராய்டு சுரப்பு குறைவதன் அடையாளம். சுரப்பு நன்றாகக் குறைந்தால் முட்டை வெளிவருவது தடைபடும், கருச்சிதைவு கூடும். முதல் மாதங்களில் சிசு தாயின் தைராக்சினை நம்பியே வளர்கிறது. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) ஊசிகளோ ஈஸ்ட்ரோஜனை ஏற்றி, தைராக்சினின் தேவையையும் கூட்டுகின்றன. டி.எஸ்.எச். 4.5-ஐத் தாண்டியவர்களுக்கு மாத்திரை உதவும் என்று 2011-ல் வந்த கொரிய ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் 64 பேர்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

இயல்பு அளவுக்குள் இருப்பவர்களிடம்தான் வாதம் தள்ளாடுகிறது. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தும் சுரப்பு இயல்பாக இருந்த 600 பெண்களை பெய்ஜிங்கில் ஐ.வி.எஃப்.-பின்போது ஆராய்ந்தார்கள். கருவுற்றவர்களில், மாத்திரை எடுத்தோரிடம் கருச்சிதைவு 10.3 சதவீதம், எடுக்காதோரிடம் 10.6. பிரிட்டனில் இதேபோன்ற 952 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது: குழந்தை பிறந்தது மாத்திரை எடுத்தவர்களில் 37.4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37.9. எதிர்ப்பொருள் இருந்தவர்களுக்கே இப்படியென்றால், அதுவும் இல்லாத 2.9-க்கு என்ன அவசரம்? போதாததற்கு, டி.எஸ்.எச். ஒரே நாளில் ஏறி இறங்கும், காலையில் 2.9 காட்டியவருக்குப் பிற்பகலில் 2.5-க்குக் கீழே காட்டலாம்.

மாத்திரை மலிவு, அளவோடு கொடுத்தால் கெடுதலும் குறைவு. இழப்பு காலத்தில்தான். முட்டை எடுக்கும் முன் ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போவது 28 வயதில் பெரிதல்ல. 39-ல் அப்படிச் சொல்ல முடியாது.

எனவே, 4-ஐத் தாண்டினால் தயங்காமல் மாத்திரையைத் தொடங்குங்கள். 2.5-க்கும் 4-க்கும் இடையில் என்றால், 'இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராக்சினை வெறும் வயிற்றில் போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கர்ப்பம் உறுதியானால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.