சொல்லிவிட்டு நீக்கும் கருவி

அடையாறை ஒட்டிய தரமணியில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் வளர்த்த பாஸ் லினக்ஸ் இயங்குதளம், டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை அடித்தளமாகக் கொண்டது. 1999-இல் டெபியன் 2.1 உடன் வந்த ஆப்ட் கருவியும் அந்த வழியில்தான் இதற்குக் கிடைத்தது. மென்பொருளை நிறுவுவதைவிட நீக்குவதில்தான் ஆப்டின் அருமை தெரிகிறது என்பேன். 'ஆப்ட் ரிமூவ்' என்று தட்டினால் சட்டென்று அழித்துவிடாது; எவையெல்லாம் போகும், எவ்வளவு இடம் காலியாகும் என்று பட்டியலிட்டுச் சம்மதம் கேட்கும். ரிமூவ் நிரலை மட்டும் எடுத்துவிட்டு, எட்சி (/etc) அடைவிலுள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். மறுபடி நிறுவினால் பழைய ஏற்பாடு அப்படியே இருக்கும். அடியோடு வேண்டாமென்றால் பர்ஜ். துணைக்கு வந்து இப்போது வேலையில்லாமல் கிடக்கும் தொகுப்புகளுக்கு ஆட்டோரிமூவ்.

இதற்குக் கட்டளை தட்டும் கறுப்புத் திரை எதற்கு, பொத்தான் போதாதா என்று கேட்கலாம். ஒரு கணினிக்குப் போதும். பள்ளி ஆய்வகம் முழுக்க ஒரே மாற்றம் வேண்டுமானால், ஒரே வரியை எல்லாக் கணினியிலும் ஓட்டிவிடலாம். ஊரிலிருப்பவருக்குத் தொலைபேசியிலேயே சொல்லித்தரலாம். பர்ஜ் செய்தும் நம் ஹோம் அடைவில் சில கோப்புகள் தங்கிவிடுவதைக் குறை என்பார்கள். அவை பயனருடையவை, அவற்றைத் தொடாதிருப்பதே நேர்மை. சம்மதம் தரும் முன் அந்தப் பட்டியலை முழுதாகப் படியுங்கள்.