கம்பெனி பஸ்ஸில் கைமாறும் பாட்டு

மணிமங்கலத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வாடகை அறைகளில் தங்கி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் போகிற பிள்ளைகளிடம் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. பக்கத்து சீட்காரரிடம் இயர்போனின் ஒரு முனையை நீட்டி, "அண்ணே, இதக் கேளுங்க" என்பார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு நல்ல பூர்வீகம் இருக்கிறது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பை நம் ஊர்களிலும் கேட்ட காலத்தில், நேயர்கள் அஞ்சலட்டையில் பாட்டு கேட்டு எழுதினார்கள். கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரலுக்கென்றே ரசிகர்கள் இருந்தார்கள். பாட்டுக்கு முன்னால் அதை விரும்பியவரின் பெயரும் ஊரும் ஒலிக்கும். முகம் தெரியாத ஒருவரின் ரசனை நம் வீட்டுக்குள் வந்து உட்காரும்.

இன்று செயலி தானாகவே அடுத்த பாட்டை எடுத்துத் தருகிறது. ஆனால், "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வயலின் வரும், கவனிங்க" என்று இடம் சுட்டிச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் இடையிசைகளை இன்றைய இருபது வயதுக்காரர் அப்படித்தான் கண்டடைகிறார். ஒடிசாவிலிருந்து வந்தவர் தன் ஊர்ப் பாட்டைப் போட்டுக்காட்டும்போது, மொழி புரியாமலே தாளம் பிடிபடுகிறது.

பிடித்த பாட்டை அனுப்பும்போது, எந்த இடம் பிடித்தது என்றும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். கேட்பவருக்குப் பாட்டோடு உங்கள் காதும் கிடைக்கும்.