கசகசாவும் கைலென்ஸும்

கடல்தொட்டி வளர்ப்பவர் ஒரு பவளத்தை நின்று நிதானித்துப் பார்ப்பது, அதை வாங்கி வந்து தனித்தொட்டியில் வைத்திருக்கும் வாரங்களில்தான். பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் அது கூட்டத்தில் ஒரு நிறம். குவாரன்டீன் தொட்டியில் மணல் கிடையாது, பாறை கிடையாது. வெறும் கண்ணாடித் தரை, ஒரு ஹீட்டர், சின்னதாய் ஒரு பம்ப், மேலே நீல எல்.இ.டி., பிளாஸ்டிக் தட்டியில் செருகிய விரலளவு கிளைகள். பூச்சி ஒளிய இடமில்லை. கண் அலையவும் இடமில்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசைப்பட்டு வாங்குவது அக்ரொபோரா என்ற கிளைப்பவளம். (இந்தியாவில் கற்பவளம் முழுவதும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடித்தாலும் குற்றம்.) கைலென்ஸை வைத்துப் பாருங்கள். கிளை நுனியில் ஒரே ஒரு பெரிய குழாய். பக்கவாட்டில் அதைவிடச் சிறிய குழாய்கள் அடுக்கடுக்காக. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாலிப். நுனி வெளிறியிருந்தால் நல்ல செய்தி: கிளை வளர்கிறது, பவளச் சதைக்குள் வாழும் பாசி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அதே வெளிறல் கிளையின் நடுவில், சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரிந்தால் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சாப்பிட்டது ஒரு தட்டைப்புழு. 2011-இல் அமெரிக்கக் காட்சித்தொட்டிகளில் கிடைத்த மாதிரிகளை வைத்துத்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவுக் கடலில் கண்டது அதற்குப் பிறகு. பவளத்தை அழிக்கிற ஜந்துதான், ஆனாலும் அதன் வேஷத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. தின்ற சதையிலிருந்த பாசியையும் ஒளிரும் புரதங்களையும் செரிக்காமல் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்கிறது. பாசி அங்கேயும் ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும். நீல டார்ச் அடித்தால் பவளம் ஒளிர்கிற நிறத்திலேயே புழுவும் ஒளிரும். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சொல்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அதைக் காட்டிக்கொடுப்பது தண்ணீர். ரப்பர் குமிழ் மாட்டிய பேஸ்டர் குழாயால் கிளைமேல் ஓங்கிப் பீய்ச்சினால், பவளத்தின் தோலாகவே தெரிந்த ஒரு துண்டு ஓரம் சுருண்டு எழும்பி, பிடி விட்டு மிதக்கும். மருந்துத் தண்ணீரில் சில நிமிடம் முக்கிவிட்டுப் பீய்ச்சினால் இன்னும் சுலபம். வாளியின் அடி வெள்ளையாக இருக்கட்டும்; விழுந்தது அப்போதுதான் தெரியும்.

புழு போனாலும் முட்டை போகாது. எந்த முக்கலும் அந்த ஓட்டுக்குள் இறங்குவதில்லை. உயிருள்ள சதை முடிந்து வெற்று எலும்பு தொடங்கும் அடிப்பகுதியில், கசகசாவை ஒற்றை அடுக்காக ஒட்டி வைத்தது போல, தங்கப் பழுப்பில் ஒரு திட்டு. இடத் தேர்வைப் பாருங்கள். பவளம் கொட்ட முடியாத இடம், ஆனால் பொரித்து வந்ததும் சாப்பாடு பக்கத்திலேயே. ஒரு கூட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருக்கும். முற்றியவற்றில் கண் புள்ளிகள் கரும்பொட்டாகத் தெரியும். பொரிக்க எடுக்கும் நாள் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. அதனால் ஒரு தடவை முக்கிவிட்டுக் கை கழுவ முடியாது. வார இடைவெளியில் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அடிப்பகுதியை, அது ஒட்டியிருக்கும் சிறு அடிக்கட்டையான பிளக்கோடு வெட்டி எறிந்துவிட்டு, கிளையைப் புது பிளக்கில் பசை வைத்து ஒட்டுவார்கள். சில வாரங்களில் பசைமேல் சதை மெல்லிய விளிம்பாகப் படர ஆரம்பிக்கும். தனித்தொட்டி தரும் காட்சிகளிலேயே எனக்குப் பிடித்தது அந்த விளிம்பு, நகத்தின் பிறைபோல வெளிறி, பழைய திசுவுக்கு அரை மில்லிமீட்டர் முன்னால்.

பவளத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பயணியும் அந்த பிளக்கில் வரலாம். மீன்களுக்கு வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகேரியான், கெட்டியான எந்தப் பரப்பிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். அந்தக் கூடுகள் ஒரே சமயத்தில் வெடிப்பதில்லை. மூன்றாம் நாள் வெடிப்பதும் உண்டு, 72 நாள் இழுப்பதும் உண்டு. கடல்தொட்டிக்காரர்கள் மீனில்லாத தொட்டியில் 76 நாள் என்று கணக்குச் சொல்வது இதை மனதில் வைத்துத்தான். லென்ஸுக்குப் பிடிபடாத விஷயம் என்பதால் இங்கே நாள்காட்டியே கதி.

வந்தவர்கள் எல்லாரும் பகைவர்கள் இல்லை. போசிலோபோரா என்ற பவளத்தின் கிளைச்சந்தில் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தால் இடுக்கியை எடுக்குமுன் ஓட்டைப் பாருங்கள். உடம்பெல்லாம் ரோமம், கொடுக்கு நுனி கறுப்பு என்றால் வெளியே. ஓடு பளிங்காய் வழவழப்பாக இருந்தால் அது ட்ரபீசியாவாக இருக்கலாம். பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திரமீன் ஏற வந்தால் அதன் குழாய்க்கால்களைக் கிள்ளியே விரட்டுகிற ஜாதி. பூச்சிமருந்து இதையும் கொன்றுவிடும். நண்டை முதலில் ஒரு டம்ளர் கடல்நீரில் எடுத்து வைத்துவிட்டுப் பவளத்தை முக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பிறகு அதன் கிளையிலேயே திரும்ப விட்டுவிடலாம்.