உடன்படிக்கையும் ஒகினாவாவும்

1951 செப்ரெம்பர் 8ஆந் திகதி சான்பிரான்சிஸ்கோ நகரில் யப்பான் இரு ஒப்பந்தங்களிற் கைச்சாத்திட்டது. ஒன்று அதன் இறைமையை மீட்டளிக்க வகைசெய்தது. மற்றையது அமெரிக்கப் படைகளை அதன் மண்ணில் நிலைபெறச் செய்தது. பின்னையதன் சொல்லாட்சி ஊன்றி நோக்கற்பாலது. படைகளை நிறுத்தும் உரிமை தெளிவாக வழங்கப்பட்டது. யப்பானைக் காக்கும் கடப்பாடோ வெளிப்படக் கூறப்படவில்லை.

1960ஆம் ஆண்டுத் திருத்தம் இக்குறையைக் களைந்தது என்பர். கடப்பாடு சேர்க்கப்பட்டமை உண்மையே. எனினும், அது யப்பானின் நிருவாகத்துக்குட்பட்ட பகுதிகளுக்கே உரித்தாயிற்று. அன்று அமெரிக்க ஆட்சியிலிருந்த ஒகினாவா அதனுள் அடங்கவில்லை. தளச்சுமையைத் தாங்கிய மண்ணே உடன்படிக்கைக்குப் புறம்பாயிற்று.

1972இல் அது யப்பானிடம் மீண்டது. ஆயினும், அமெரிக்கப் படைகள் தனித்துப் பயன்படுத்தும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம், நாட்டுப் பரப்பில் 0.6 சதவீதமேயான அத்தீவுகளிலேயே உள்ளது. வல்லரசின் கூட்டுறவை மதிப்பிடுவோர், ஒப்பமிட்டவர் பெற்றதோடு ஒப்பம் கேட்கப்படாதவர் இழந்ததையும் கணக்கிடல் வேண்டும்.