குட்டைக் குழல் ரிவால்வர்: பிரபல் தேறுகிறதா?

உரிமம் வைத்திருக்கும் ஒருவர் குட்டைக் குழல் ரிவால்வர் வாங்கக் கடைக்குப் போனால், படங்களில் பார்த்த பெயர் எதுவும் அங்கே இருக்காது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட், ரூகர் எல்லாம் திரையோடு சரி. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980-களிலேயே நின்றுபோயிற்று. பழைய வெளிநாட்டுச் சரக்கு எப்போதாவது கைமாறி வரும். விலையைக் கேட்டால் வயலை விற்றுத்தான் வாங்க வேண்டும். .38, 9 மி.மீ. ரகங்கள் சாதாரண உரிமத்துக்குக் கிடையாது. ஆகவே நம் ஊரில் ரிவால்வர் என்றால் பெரும்பாலும் .32 தான். அதிலும் தேர்ந்தெடுக்க ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் மாடல்களே உண்டு.

என்னிடம் இருந்தது கான்பூர் ஆர்டனன்ஸ் ஃபேக்டரியின் பழைய .32. நடுவில் மடக்கித் திறக்கும் ரகம். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை உடைத்து வந்தபோது, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்களே, அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளப் பீரோவும் மூழ்கியது. தண்ணீர் வடிந்து எடுத்துப் பார்த்தால் கீல் இடுக்கு முழுக்க வண்டல். சிலிண்டர் சுற்றவில்லை. கடைக்காரரின் மெக்கானிக் பிரித்துக் கழுவிக் கொடுத்தார். ஆனாலும் சிலிண்டரின் முன்முகத்தில் துரு அரித்த புள்ளிகள் அம்மைத் தழும்பாக நின்றுவிட்டன. நனைந்த தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்காமல் கடையில் ஒப்படைத்தேன். இனி வேறு வாங்குவது என்று முடிவெடுத்துத் தேடியதில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மாடல்கள். பழைய கான்பூர் .32-ன் மூதாதை இங்கிலாந்தின் வெப்லி மார்க் 4. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை வைத்திருந்த .38-ஐ .32 தோட்டாவுக்குச் சுருக்கியது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு தோட்டா, 76 மி.மீ. குழல், அதாவது மூன்று அங்குலம். அதே வெப்லி பெயரில் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டம் சண்டிலாவிலும் 2020 முதல் ஒரு .32 தயாராகிறது. 2014 ஜனவரியில் வந்த ‘நிர்பீக்’ டைட்டானியக் கலவையில் செய்த இலேசான .32. எடை சுமார் அரைக் கிலோ, அன்றைய விலை 1,22,360 ரூபாய். டெல்லி மாணவிக்கு நேர்ந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு, ‘பெண்களுக்கான ரிவால்வர்’ என்று நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள். பாதுகாப்புக்குப் போலீஸைக் கேட்டவர்களுக்கு லட்ச ரூபாய்க்குப் பெட்டி கொடுத்தது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் பிறகு, 2023 ஆகஸ்டில் வந்தது ‘பிரபல்’. 2021-ல் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள் அல்லவா, அதில் ஒன்றான கான்பூரின் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் தயாரிப்பு. இதுவும் .32, குழல் அதே 76 மி.மீ., மொத்த நீளம் 177 மி.மீ. சொச்சம், தோட்டா இல்லாமல் எடை சுமார் 700 கிராம்.

அளவில் பழையதற்கும் பிரபலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் திறப்பதில் இருக்கிறது. பழையதில் மேலே உள்ள கொக்கியைத் தள்ளினால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கம் மடங்கும். காலித் தோட்டாக்கள் ஒரே தள்ளில் வெளியே வந்துவிழும். பார்க்க அழகு, வேகமும் உண்டு. ஆனால் முன் குறி குழலில், பின் குறி அந்தக் கொக்கியில். வருஷக்கணக்கில் திறந்து மூடிக் கீலும் கொக்கியும் தேய்ந்தால் இரண்டு குறிகளுக்கும் நடுவே மெல்ல ஆட்டம் கொடுக்கும். குழலைக் கட்டிப் பிடித்திருப்பதே அந்தக் கொக்கிதான் என்பதால் துப்பாக்கிச் சட்டத்தின் (ஃப்ரேம்) உறுதியும் அவ்வளவுதான். பிரபலில் சட்டமும் குழலும் அசையாது. சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். உலகம் நூறு வருஷத்துக்கு முன்பே இந்த முறைக்கு மாறிவிட்டது. கான்பூருக்கு வர 2023 ஆயிற்று. லேட்டாக வந்தாலும் சரியான மாற்றம்.

விளம்பரத்தில் அடித்துச் சொல்வது வேறு: ஐம்பது மீட்டர் வரை சுடலாம், மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கடைக்காரர் பெரியவர், முப்பது வருஷமாக இந்த வியாபாரத்தில் இருப்பவர். சிரித்துக்கொண்டே, “ஐம்பது மீட்டர் எதுக்கு அண்ணாச்சி? ஐம்பது மீட்டர் தள்ளி நிக்கிறவன்ட்ட இருந்து ஓடிரலாம்லா?” என்றார். கணக்குப் போட்டாலும் அவர் சொன்னதே சரி. முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கை நடுங்கி முன் குறி ஒரே ஒரு மி.மீ. விலகினால், பத்து மீட்டரில் தோட்டா பத்து செ.மீ. தள்ளிப் போகும். ஐம்பது மீட்டரில் அரை மீட்டர். குட்டைக் குழலின் அடிப்படைக் குறை இதுதான். எந்தக் கம்பெனி செய்தாலும் மாறாது. தோட்டா ஐம்பது மீட்டர் போகும் என்பது உண்மை. அதற்கு அப்பாலும் வெகுதூரம் போகும், அதனால்தான் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் நம் கை அதை அங்கே கொண்டு சேர்க்காது. 1911 ஜூன் 17 அன்று, எங்கள் பக்கத்து மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது ரயில் பெட்டிக்குள். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். இடைவெளி சில அடிதான். கைத்துப்பாக்கி எப்போதும் அந்த இடைவெளிக்கான கருவி.

.32 தோட்டாவைச் சிலர் ஏளனம் செய்வார்கள். எனக்கு அது பிடித்த விஷயம். பின்னுதைப்பு மென்மை, இரண்டாவது குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பி வரும். சர்வதேச 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிகளில் வீரர்கள் இன்றும் இதே .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் ரகத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஆகவே நிர்பீக்கின் இலேசு பெரிய லாபம் இல்லை என்பது என் கட்சி. எடை குறைந்தால் உதைப்பு கூடும். 700 கிராம் கையில் நிலையாக நிற்கும்.

மாடலைத் தேர்ந்தெடுப்பதைவிட, கடைக்காரர் எடுத்து வைக்கும் அந்த ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். ஒரே மாடலில் இரண்டை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று வழுவழு, மற்றது கரகர. அதனால் நேரில் போகாமல் வாங்கவே கூடாது. சிலிண்டர் காலி என்று கடைக்காரர் ஒருமுறை, நாம் ஒருமுறை பார்த்த பிறகு, அவர் அனுமதியோடு ஹேமரை மெல்ல, மிக மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். சிலிண்டரின் மேல் ஒரு விரலை இலேசாக அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஹேமர் முழுசாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் ஹேமர் முந்திக்கொண்டால் தோட்டா அறை குழலுக்கு நேராக நிற்காது. சுடும்போது ஈயம் பக்கவாட்டில் சீவித் தெறிக்கும். ஆறு அறைக்கும் இப்படிப் பார்க்க வேண்டும். நான் பார்த்தவற்றில் ஒன்று, எது என்று சொல்லப்போவதில்லை, ஐந்து அறையில் ஒழுங்காகப் பூட்டியது, ஆறாவதில் தாமதித்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் அதே அறைதான். கடைக்காரரே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்தது சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி. பின்னால் வெளிச்சம் இருக்கும்படி பிடித்துப் பார்த்தால் மெல்லிய கோடு தெரியும். 0.15 முதல் 0.25 மி.மீ. வரை நல்லது. ஒர்க்ஷாப்பில் வால்வு பார்க்கும் ஃபீலர் கேஜ் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் வாதத்துக்கு இடமில்லை. சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் கையில் தெரியக் கூடாது. குழலின் வாய் விளிம்பில் சிறு வெட்டோ நசுங்கலோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ட்ரிக்கர் விஷயத்தில் நம்மூர் ரிவால்வர்கள் இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஹேமரை முன்கூட்டி இழுத்து வைத்தால் விசை சுலபம். இழுக்காமல் ஒரே இழுப்பில் சுடும்போது நீளமும் பாரமும் கூடுதல், வாய் பக்கவாட்டில் சாயும். ஆனால் அவசரத்தில் சுடுவது அந்த முறையில்தானே. உரிமம் உள்ளவர்கள் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து அதில்தான் பழக வேண்டும். வீட்டில் வெறுமனே தட்டிப் பழகுவதானால் போலித் தோட்டா போட்டுத் தட்டுங்கள். பழைய மாடல்களில் ஊசி முறியும்.

இனி நம் ஊர்க் காற்று. தூத்துக்குடி உப்பளங்களைத் தொட்டுவரும் காற்று, ஆற்றங்கரை வயல்களின் ஈரம், வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டுக்குள் ஊறும் வியர்வை: கறுப்பு மெருகு பூசிய எஃகுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மழைக்காலம் போதும். பெரியவர்கள் தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டுவார்கள். அது தப்பு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, உறை தொடும் இடத்திலேயே துருவைக் கிளப்பும். எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள், அதுவும் மாடியில். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பக் கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதால், கொடுப்பதற்கு முன் குழலுக்குள்ளும் சிலிண்டர் அறைகளிலும் எண்ணெய் விட்டுக் கொடுப்பது நம் பொறுப்பு.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை. உரிமத்துக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை வரும். 2016 விதிகளின்படி ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் ஐந்து வருஷம் செல்லும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாழைத் தோட்டத்தில் பன்றி இறங்குகிறது என்று ரிவால்வர் கேட்பவர்களும் உண்டு. பன்றிக்கு .32 ஆகாது, சுடும் உரிமையும் நமக்குக் கிடையாது.

என் தீர்ப்பு: புதிதாக வாங்குபவர் பிரபலைப் பாருங்கள், ஐம்பது மீட்டர் விளம்பரத்துக்காக அல்ல, ஆடாத சட்டத்துக்காக. ஆறு அறையும் ஒழுங்காகப் பூட்டும் ஒன்று கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். மடக்கு ரகம் ஏற்கெனவே வைத்திருப்பவர், கீலில் ஆட்டம் இல்லையென்றால் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, சாவி போட்டுப் பூட்டும் இரும்புப் பெட்டி இல்லையென்றால், முதலில் அந்தப் பெட்டியை வாங்குங்கள்.