குரலுக்கும் முழக்கத்துக்கும் நடுவே

ரிவெர்ப் என்னும் செயற்கை முழக்கத்தின் அளவைப் பற்றி எங்கள் பக்கத்தில் சர்ச்சை செய்கிறவர்கள் பலர்; அந்த ரிவெர்புக்கு முன்னே விழ வேண்டிய இடைவெளியைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. புத்தூரிலும் நாராயணவனத்திலும் நகரியிலும் வீட்டு அறையில் மெத்தையைச் சுவரோரம் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, அரக்கோணம்-ரேணிகுண்டா மார்க்கத்து ரயில் ஊதிக்கொண்டு போய் மறையும்வரை காத்திருந்து, அன்னமாசாரியாரின் கீர்த்தனையையோ திருத்தணி முருகன் மீது ஒரு பாட்டையோ பதிவு செய்யும் இளைஞர்கள், அவ்வளவு சிரமப்பட்டுப் பிடித்த குரலைக் கடைசியில் முழக்கத்தில் முக்கி எடுத்துவிடுவதைக் கேட்கையில் எனக்கு உண்டாகும் வருத்தம் கொஞ்சமல்ல. காரணம் பெரும்பாலும் ப்ரீ-டிலே எனப்படும் அந்த இடைவெளியைப் பூஜ்யத்திலேயே விட்டுவைப்பதுதான். எழுத்து பிறக்கிற கணத்திலேயே முழக்கமும் பிறந்து அதை விழுங்கிவிடுகிறது. அதையே 40, 50 மில்லிசெகண்டுக்கு நகர்த்திப் பாருங்கள். ரிவெர்பின் அளவை ஒரு நூலும் குறைக்காமலே வல்லெழுத்துகள் துலங்கி, பாடுகிறவர் நமக்கு எதிரே வந்து நிற்பார்.

இது ஏதோ இயந்திர ஜாலம் அன்று. நாராயணவனத்துக் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலின் கல் மண்டபத்தில் பாடுகிறவர் அருகில் நின்றால், முதலில் வந்து சேர்வது குரல், பிறகுதான் கல். எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு சுவர்வரை போய்த் திரும்ப ஒலிக்கு ஏறக்குறைய 46 மில்லிசெகண்ட் ஆகும். அந்தச் சிறு அவகாசத்தைக் கொண்டே செவி மண்டபத்தின் விஸ்தாரத்தை அனுமானிக்கிறது.

பக்திப் பாட்டுக்குக் கோயில் முழக்கம் வேண்டாமா என்று நண்பர்கள் வாதிக்கிறார்கள். வேண்டும் என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் மண்டபத்தில் பாடுகிறவர் அந்த முழக்கத்தைத் தம் காதாலேயே கேட்டு, அதற்கு இடம் விட்டு, சொல்லை நிதானப்படுத்திப் பாடுகிறார். மெத்தை சாய்த்த அறையில் விறுவிறுவென்று பாடிய பாட்டுக்கு நான்கு செகண்ட் வால் ஒட்டினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழாமல் என்ன செய்யும்? 1947இல் அமெரிக்காவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஹார்மோனிக்கா இசைக்கு எதிரொலி சேர்க்க ஸ்டூடியோவின் குளியலறையையே பயன்படுத்தினார். அங்கேகூட ஒலி உண்மையான ஒரு சுவரைத் தொட்டுத்தான் திரும்பியது.

உரத்த இடங்களை அழுத்தி ஒலியைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸ்ஸர் விஷயத்தில் எனக்குப் பிரமாணம் ஒருவர்தான். பள்ளிப்பட்டை அடுத்த கோனேட்டம்பேட்டையில் பிறந்து, காளஹஸ்தியில் படித்து வளர்ந்த எஸ். பி. பாலசுப்ரமணியத்தை எங்கள் மண்ணின் பிள்ளை என்று நாங்கள் உரிமை கொண்டாடுவது இருக்கட்டும். 1969இல் ‘அடிமைப் பெண்’ படத்துக்காக கே. வி. மகாதேவன் இசையில் அவரும் பி. சுசீலாவும் பாடிய ‘ஆயிரம் நிலவே வா’வை ஹெட்போனில், தாழ்ந்த ஒலியில், குரலை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். வாத்தியக்காரர்களும் பாடகர்களும் ஒரே வேளையில் பதிவாகிய காலம் அது; மிருதுவான இடத்தையும் உரத்த இடத்தையும் ஒன்றுக்கொன்று இசைய வைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு பாடுகிறவரின் தொண்டைக்கும், மைக்குக்கும் அவருக்கும் இடையிலிருந்த தூரத்துக்குமே உரியதாயிருந்தது. அந்த இளம் சாரீரம் ஒரு சொல்லின் கடைசி உயிரை மூச்சோடு மூச்சாகக் கரைத்துவிடும் சூக்ஷ்மம் இருக்கிறதே, குரலை 8:1 விகிதத்தில் நசுக்கினால் முதலில் பலியாவது அதுதான். கரைய வேண்டிய மூச்சு சொல்லுக்குச் சமமாக எழும்பி நிற்கும். பிறகு அந்த மூச்சையும் கத்தரித்துவிட்டு, குரலில் ஜீவன் இல்லையே என்று இன்னும் ரிவெர்ப் ஊற்றுகிறார்கள். அடிக்கு அடி கையாலேயே ஒலியை ஏற்றி இறக்கிவிட்டு, அதன் மேல் 3:1இல், மூன்று நான்கு டெசிபலுக்கு மிகாமல் அழுத்தினால் வீட்டுக் குரலுக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈ.க்யூ.வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ரயிலின் அதிர்வு பெருமளவு அடங்கும், ஊதல் அடங்காது. சீறல் ஒலிகளைத் தணிக்கும் டீ-எஸ்ஸரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எங்கள் பாட்டுகளில் ஸகரமும் ஷகரமும் ஏராளம். அளவு மீறினால் ஸ்ரீநிவாசனைப் பாடுகிறவருக்கு நாக்குத் தடித்துவிட்டதோ என்று தோன்றும். சுருதியைத் திருத்த 1997இல் வந்த ஆட்டோ-ட்யூனோ தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பிழையென்றே எடுத்துக்கொண்டு, அதன் அசைவை நிமிர்த்திவைக்கிறது. நிமிர்ந்த காந்தாரத்தைக் கேட்டு வளரும் குழந்தைகள் எந்தத் தோடியைப் பாடுவார்கள்?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி நோக்கிக் காவடிகள் போகும் நாட்களில், பந்தலுக்குப் பந்தல் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் இந்தப் புதுப் பதிவுகள்தாம் பாடுகின்றன. பாட்டில் ஏற்கெனவே ஒரு மண்டபம். அதற்கு மேல் இரு பக்கமும் சிமெண்டுச் சுவர்கள் நின்று, தெரு தன் பங்குக்கு இன்னொரு முழக்கத்தைச் சேர்க்கிறது. முருகன் பெயரைத் தவிர ஒரு சொல்லும் புரிவதில்லை. தெருவுக்கென்று ஒரு மிக்ஸ் தனியாகச் செய்வதில் என்ன கஷ்டம்? அதில் ரிவெர்ப் அநேகமாக வேண்டியதே இல்லை.