படுத்தும் சொற்கள்

'முதல்' என்னும் தமிழ்ச்சொல் மலாய் மொழியில் 'மோடால்' ஆயிற்று. கடை 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றுவதற்கு முன்பே தமிழ் வணிகர் அத்துறைமுகத்தில் செல்வாக்கோடு வாழ்ந்தனர். துணிப்பொதிகளோடு சொற்களையும் கரையிறக்கிய வாணிகத்தின் எச்சங்களே இவை. மலாய்க்காரர் இச்சொற்களைப் பெற்றுக்கொண்டதோடு நில்லாமல், தம் மொழி இயல்புக்கேற்ப முன்னொட்டும் சேர்த்துக்கொண்டனர். கெடாயிலிருந்து கடை நடத்துதலைக் குறிக்கும் 'பெர்கெடாய்' பிறந்தது. மோடாலிலிருந்து முதல் உடைமையைக் குறிக்கும் 'பெர்மோடால்' பிறந்தது. பெயராகச் சென்ற தமிழ் அங்கே வினையாகவும் விளைந்தது. அதனால் மலாய் மொழிக்கு எக்குறையும் நேரவில்லை.

இதனை முதலில் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலத்து வாணிகத் தமிழையும் அலுவலகத் தமிழையும் கண்டு எரிச்சலுறும் தமிழாசிரியர் பலர், பெயரை வினையாக்குவதே குற்றம் என்பதுபோல் பேசுகின்றனர். அஃது இலக்கணத்திற்கு ஒத்த கூற்றன்று. பூ பூத்தது, காய் காய்த்தது, நுரை நுரைத்தது, விதையை விதைத்தான். ஒரே அடி பெயராகவும் வினையாகவும் நிற்பது தமிழின் பிறவிக் குணம். வடமொழிப் பெயர்கள் வந்து சேர்ந்த காலத்தும் தமிழ் தயங்கவில்லை. தியானத்திலிருந்து தியானித்தான், தீர்மானத்திலிருந்து தீர்மானித்தான், விவாதத்திலிருந்து விவாதித்தான், விண்ணப்பத்திலிருந்து விண்ணப்பித்தான் என இகர ஈறு ஒன்றை ஒட்டி வினையாக்கிக்கொண்டது. ஈறு ஒட்டியவுடன் அச்சொல் காலம் காட்டியது, எச்சமாயிற்று, ஏவலாயிற்று, தமிழ் வினைக்குரிய எல்லாத் தொழிலையும் செய்தது. எனவே, எரிச்சலுக்கு உரிய இடம் எது என்று வரையறுத்துக்கொள்வது நலம்.

வாணிகத்திற்கெனத் தனிச்சொற்கள் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவில் தொழில் நடத்திய காலத்தில் அவர்தம் கிட்டங்கிகளில் வழங்கிய தமிழ் எவ்வளவு செறிவானது! பற்று, வரவு, பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை, நடப்பு வட்டி, தவணை வட்டி என ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள் உண்டு. இரண்டு பொருள் இல்லை. முதலாளிக்கு அடுத்து மேலாள், அவனுக்கு அடுத்து அடுத்தாள், பின்னர்ப் பெட்டியடிப் பையன் என்று ஆளின் இடத்தைச் சொல்லே காட்டியது. இக்காலத்து 'மேலாளர்' அந்த மேலாளின் வழித்தோன்றலே. ஐந்தொகை என்ற சொல்லைப் பொதுமக்கள் அறியாதிருக்கலாம். கணக்கு எழுதுபவன் அறிவான். அவனுக்காகவே ஏற்பட்டது அது. தொழில் நுணுக்கச் சொல்லின் இலக்கணம் அவ்வளவே.

மலாக்காத் தோட்டங்களிலும் இத்தகைய சொல்லாக்கம் நடந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டு இந்நாட்டின் ரப்பர்த் தோட்டத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அங்கே வந்து சேர்ந்த தொழிலாளர் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லை அவர்கள் கித்தா ஆக்கினர். பாலேந்தும் கோப்பையை மலாய்வழி மங்கு என்றனர். காலை ஆள்கணக்கெடுக்கும் அணிவகுப்பிற்கு ஆங்கிலச் சொல்லைத் திரித்துப் பெரட்டு என்று பெயரிட்டனர். பெயரை அயலவரிடம் வாங்கினார்களேயன்றி வினையை வாங்கவில்லை. மரத்தை வெட்டினார்கள், மங்கைத் துடைத்தார்கள், பாலை எடுத்தார்கள், பெரட்டுக்குப் போனார்கள். சொற்கள் அயலவை, வாக்கியம் முழுத் தமிழ். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இசைவித்து ஆள்க என்று தொல்காப்பியர் வகுத்த நெறியை, அவர் பெயரையே கேட்டிராத பால்வெட்டுக்காரி வழுவாது கடைப்பிடித்திருக்கிறாள்.

இனி, இன்றைய நிலை. கன்ஃபர்ம் பண்ணு, அப்டேட் பண்ணு, ஃபாலோ அப் பண்ணு, அரசு அலுவலகத்திற்குச் சென்றால் மொஹோன் பண்ணு என்னும் பேச்சைப் பலரும் கண்டித்து எழுதியாயிற்று. பண்ணுதல் ஒரு பழஞ்சொல். யாழைப் பண் அமையத் திருத்துவதும், தேரைப் பூட்டி ஆயத்தமாக்குவதும் பண்ணுதல் எனப்பட்டன. அத்தகைய சொல் இன்று அயற்சொற்களுக்குச் சுமைதாங்கியாகிவிட்டது வருத்தத்திற்குரியதே. ஆயினும் இந்நோய் வெளிப்படையானது. பேசுபவனே அது கலப்புத்தமிழ் என்பதை அறிவான், எழுதும்போது மாற்றிக்கொள்வான்.

தமிழ் உடுத்திவரும் போலிச் சொற்களோ அத்தகையன அல்ல. சந்தைப்படுத்துதல், காட்சிப்படுத்துதல், முன்னுரிமைப்படுத்துதல், மையப்படுத்துதல், தனியார்மயமாக்குதல், வணிகமயமாக்குதல் என்று வரிசையாக வருகின்றன. எழுத்தெல்லாம் தமிழ். ஆசிரியரின் சிவப்பு மை அவற்றைத் தொடாமல் கடந்துவிடுகிறது. மாணவன் அவற்றையே உயர்ந்த நடை என்று நம்புகிறான். வாழைத்தார்களைத் தலையில் சுமந்துசென்று ஜாசின் சந்தையில் விற்ற பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தால், பாட்டி வாழைப்பழங்களைச் சந்தைப்படுத்தினார் என்று எழுதுகிறான். பாட்டி விற்றாள்! கூவி விற்றாள், பேரம் பேசி விற்றாள், மீந்ததை அண்டை வீட்டிற்குக் கொடுத்தாள். இத்தனை வினைகளையும் ஒரு 'படுத்து' விழுங்கிவிட்டது.

'படுத்து' என்னும் துணைவினையை ஆராய்ந்தால் உண்மை புலப்படும். படுதல் என்பது உறுதல், அனுபவித்தல். படுத்துதல் அதன் பிறவினை. பயன்படு, பயன்படுத்து, புண்படு, புண்படுத்து, வெளிப்படு, வெளிப்படுத்து, கட்டுப்படு, கட்டுப்படுத்து. இவ்விணைகளில் தன்வினை உயிரோடு இருப்பதால் பிறவினையும் உயிரோடு இருக்கிறது. இனி அச்சோதனையைப் புதுச்சொற்களுக்கு வைத்துப் பார்க்கலாம். வாழைப்பழம் சந்தைப்படுகிறதா? ஓவியம் காட்சிப்படுகிறதா? வேலை முன்னுரிமைப்படுகிறதா? எவரும் அவ்வாறு சொல்லக் கேட்டதில்லை. தன்வினை பிறக்காமலே பிறவினை பிறந்த விந்தை இது! 'வரிசைப்படுத்து' போன்ற சில, இச்சோதனையில் தேறாவிடினும் வழக்கின் வலிமையால் நிலைபெற்றுவிட்டன. வழக்கு வென்ற இடத்தில் இலக்கணம் ஒதுங்கி நிற்பதே முறை. 'சந்தைப்படுத்தல்' என்பதைக்கூட ஒரு பாடத்துறையின் பெயராகக் கொள்வதில் தடையில்லை. விலை குறித்தல், விளம்பரம், வாங்குவோர் விருப்பமறிதல் ஆகியவற்றையெல்லாம் விற்பனை என்ற சொல் அடக்காது. பாடநூலின் பெயர் பாட்டியின் கூடைக்குள் நுழைவதுதான் தவறு.

மற்றொன்று 'மேற்கொள்ளுதல்'. நோன்பை மேற்கொள்வர், நெடும்பயணம் மேற்கொள்வர். உறுதியோடு ஒன்றைத் தலைமேல் ஏற்றல் அதன் பொருள். இன்றைய அறிக்கைகளிலோ துப்புரவுப் பணி மேற்கொள்ளப்படுகிறது, தேநீர் விருந்து மேற்கொள்ளப்படுகிறது. ஆய்ந்தார் என்ற ஒரு சொல்லுக்கு ஈடாக 'ஆய்வு நடவடிக்கைகளை மேற்கொண்டார்' என்கின்றனர். இங்கே நோய் தலைகீழாகிறது. நல்ல வினையைப் பெயராக்கிக் கொன்று, அதன் பிணத்தைத் தூக்க வேறொரு வினையைக் கூலிக்கு அமர்த்துகின்றனர்.

இதற்கு ஒரு காரணம் மொழிபெயர்ப்பு. இந்நாட்டு அலுவலகச் சுற்றறிக்கைகளில் மிகப் பல மலாய் மொழியில் எழுகின்றன. மலாயில் 'மெம்-' என்று தொடங்கிக் 'கான்' என்று முடியும் வினைகளை ஆக்குவது எளிது. 1983இல் அரசாங்கம் தன் நிறுவனங்களைத் தனியாரிடம் ஒப்படைக்கும் கொள்கையை அறிவித்தபோது 'சுவாஸ்தா' என்ற பெயரிலிருந்து 'பென்சுவாஸ்தாஅன்' எழுந்தது. தமிழில் அது தனியார்மயமாக்கல் ஆயிற்று. மலாயில் அது இயல்பான புடைபெயர்ச்சி. தமிழிலோ, ஒட்டுக்கு ஒட்டு வைத்து மொழிபெயர்த்ததால், 'மயம்' என்ற வடமொழி ஈறு நிலையான குடியுரிமை பெற்றுவிட்டது. அரசு அதைத் தனியாரிடம் விட்டது என்றால் பொருள் தெளிவாகும். தெளிவாகும்போது, விட்டவர் யார், பெற்றவர் யார் என்ற வினாக்களும் உடன் எழும்.

இங்கேதான் எரிச்சல் வெறும் இலக்கண எரிச்சலாக நில்லாமல் வேறொன்றாகிறது. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். விற்றான் என்றால் ஒருவன் விற்றான். விற்றார்கள் என்றால் பலர் விற்றார்கள். செய்தவனை விட்டுவிட்டு வினையைச் சொல்வது தமிழில் அரிது. அதனைச் செய்ய விரும்புவோர்க்குப் புதுநடை வழி காட்டுகிறது. 'மறுசீரமைப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்' என்ற தொடரில் எழுவாய் 'நடவடிக்கைகள்'. அஃறிணை! ஆளே இல்லை. தோட்டத் தொழிலாளியோ அதே அறிக்கையில் 'மனித வளம்' ஆகிறான். உயர்திணையை அஃறிணையாக்கிய இத்திணை வழுவைத் தமிழ்ப் பாடவேளையில் எவரும் திருத்துவதில்லை. கூலி என்ற தமிழ்ச்சொல் ஊதியத்தை விட்டு, ஊதியம் பெறும் மனிதனுக்கே இழிபெயராக உலகெங்கும் பரவிற்று என்பர். 'கோலி' என்ற இனப்பெயரே அதன் மூலம் என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், சொல்லால் சிறுமையுற்றவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மலேசியத் தமிழரிடையே ஒரு நல்ல எடுத்துக்காட்டு முன்னரே உண்டு. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்களை வாங்கிய முதலாளிமார் அவற்றைச் சிறுசிறு நிலங்களாகப் பிரித்து விற்றபோது, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். தமிழர் அதற்கு இட்ட பெயர் 'துண்டாடல்'. துண்டு என்ற பெயரோடு ஆடு என்ற வினை சேர்ந்த சொல். அதற்கு விளக்கவுரை வேண்டியிருந்ததில்லை. கேட்டவுடனே கத்தியின் ஓசை கேட்டது. துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர் தம் சேமிப்பைப் போட்டுத் தோட்டங்களை வாங்க முன்வந்தனர். தமக்கு நேர்வது இன்னதென்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதே காரியம் பிற்காலத்தில், ரப்பரும் செம்பனையும் வீழ்ந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தபோது, 'நில மேம்பாடு' என்ற பெயரில் வந்தது. மேம்பாட்டை எதிர்த்து யார் பேச முடியும்?

வேலைநிறுத்தக் கடிதத்தை எண்ணிப் பார்க்கலாம். 1980ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, 12 மாதமேனும் தொடர்ந்து உழைத்தவரை நிருவாகம் ஆட்குறைப்புச் செய்தால் இழப்பீடு தர வேண்டும். 2 ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டொன்றுக்கு 10 நாள் ஊதியம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலுமாயின் 20 நாள். விரலை மடக்கிக் கணக்கிடக்கூடிய செய்தி இது. இதனையே 'மனிதவள மறுசீரமைப்பின் தொடர்பில் பணிமுடிவுப் பலன்கள் நடைமுறைப்படுத்தப்படும்' என்று எழுதிவிட்டால், முப்பது ஆண்டு பால் வெட்டிய கை அதன் அடியில் ஒப்பமிட்டுவிட்டுத் திரும்பும்.

ஆறாம் ஆண்டு வகுப்பில் இத்தொடரைக் கரும்பலகையில் எழுதி, எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் திகைப்பார்கள். பின்னர் அதனை அழித்துவிட்டு, 'நிருவாகம் உங்களை வேலையை விட்டு நிறுத்துகிறது. நீங்கள் உழைத்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 20 நாள் ஊதியம் தரும்' என்று எழுதினால், எழுவாயை உடனே காட்டுவார்கள். எவனாவது ஒருவன் எழுந்து, "எத்தனை ஆண்டு என்று போட்டிருக்கிறார்கள் ஐயா?" என்றும் கேட்பான்.